திருவுளச்சீட்டும் வெங்காயப் பாத்தியும்: பித்தக்குழாய்ப் புற்றுநோய்க்கான ‘ட்ரயல்’ ஒன்றில் சேர்வதென்றால் என்ன?

பக்கத்து வீட்டு மாமி கொண்டுவந்து மேசையில் வைத்த காகிதக் கட்டு இருபத்திரண்டு பக்கம். ரொறன்ரோவில் இருக்கும் மகன் அனுப்பியதைச் சந்திக் கடையில் பிரின்ற் எடுத்திருந்தார். முதல் பக்கம் தொடங்கிக் கடைசி வரை ஆங்கிலம்.

“இதை ஒருக்கா வாசிச்சு விளங்கப்படுத்து பிள்ளை. மாமாவை வைச்சுப் பழகிப் பாக்கப் போறாங்களோ?”

மாமாவுக்குப் பித்தக்குழாயில் புற்றுநோய். யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் செம்பாட்டில் வெங்காயம் செய்கிறவர். அந்தக் காகிதம் ஒரு ‘கிளினிக்கல் ட்ரயல்’, அதாவது புதிய சிகிச்சையொன்றை நோயாளிகளிடம் முறைப்படி ஆராயும் ஆய்வு, அதில் சேர்வதற்கான ஒப்புதல் படிவம். மாமிக்கு இரண்டு மாலை இருந்து சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. ஊரில் ஆங்கிலப் படிவம் வந்தால் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள், அவ்வளவுதான். வாசித்து வாசித்துச் சேர்ந்த அறிவு இது.

முதலில் நோயைச் சொல்லிவிடலாம். ஈரல் சுரக்கும் பித்தநீர் குடலுக்குப் போகிற வாய்க்கால்தான் பித்தக்குழாய். ஈரலுக்குள் சின்னச் சின்ன வாய்க்கால்களாகத் தொடங்கி, ஈரலின் வாசலில் ஒன்றாகி, சதையத்தின் பக்கத்தால் இறங்கிச் சிறுகுடலில் விழும். இந்த வழியில் எங்கேயும் புற்று வரலாம். ஈரலுக்குள் வந்தால் ஒரு குணம், வாசலில் வந்தால் இன்னொரு குணம், கீழே வந்தால் வேறொன்று. பித்தப்பையில் வரும் புற்றையும் சேர்த்து நான்கையும் ஒரே ஆய்வில் எடுத்துக்கொள்வது வழமை, ஏனென்றால் நோய் அரிது. ஆள் சேராது. தாய்லாந்தின் வடகிழக்கில் மட்டும் கதை வேறு. அங்கே ஆற்றுமீனைப் பச்சையாக உண்பதால் ஈரலுக்குள் குடியேறும் ஒரு தட்டைப்புழு இந்த நோயைப் பெருவாரியாகக் கொண்டுவருகிறது. நமது கூழில் வேகாத மீன் கிடையாது, அதுவும் கடல்மீன். ஆகவே அந்தப் பழியை ஒடியற்கூழில் போட வேண்டாம்.

வாய்க்கால் அடைபட்டால் பித்தம் இரத்தத்தில் ஏறும். கண் மஞ்சளாகும், சிறுநீர் தேயிலைச் சாயம் போலாகும், மலம் வெளிறிக் களிமண் நிறமாகும், உடம்பெல்லாம் கடி எடுக்கும். மாமா பனையோலை விசிறியின் காம்பால் முதுகைச் சொறிந்து சொறிந்து அந்தக் காம்பே வழுவழுப்பாகிவிட்டது. செங்கமாரி என்று ஆறு கிழமை கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்தார். அந்த ஆறு கிழமை பற்றி மாமி இப்போது கதைப்பதில்லை. நானும் கிளறுவதில்லை. வலியில்லாமல் வருகிற செங்கமாரி, அதுவும் வயதானவருக்கு வந்தால், ஸ்கான் எடுக்காமல் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

‘முற்றிய நிலை’ என்று டொக்டர்மார் சொல்வது சத்திரசிகிச்சையால் முழுதாக வெட்டி எடுக்க முடியாத, அல்லது வேறு இடங்களுக்குப் பரவிவிட்ட நிலையை. இந்த நோய் பெரும்பாலும் பிடிபடுவதே அந்த நிலையில்தான்.

சரி, இப்போது ட்ரயல்.

மாமாவுக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாட்டை அவரே தீர்த்துவைத்தார். புது உரம் ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “நாலு பாத்திக்குப் போடுறது, நாலு பாத்திக்குப் பழசு. பிடுங்கேக்க நிறுத்துப் பாக்கிறது.” எந்த நாலு பாத்திக்குப் புதியது? அவர் சிரித்தார். “கிணத்தடிப் பாத்திக்குப் போட்டா எந்த உரமும் நல்ல உரம்தானே.”

அதேதான். கிணற்றுக்குப் பக்கத்துப் பாத்திக்கு முதல் தண்ணீர் போகும், அதனால் அங்கே என்ன போட்டாலும் விளையும். ஒரு டொக்டர் தான் விரும்பிய நோயாளிகளுக்குப் புது மருந்தும் மற்றவர்களுக்குப் பழையதும் கொடுத்தால், தெம்பாக இருப்பவர்களைத் தன்னையறியாமலே புது மருந்துப் பக்கம் தள்ளிவிடுவார். பிறகு அவர்கள் கூடநாள் இருந்தது மருந்தாலா தெம்பாலா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் பெரிய ஆய்வுகளில் யாருக்கு எது என்பதைக் கணினி திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறது. டொக்டரும் தெரிவு செய்ய முடியாது, நீங்களும் முடியாது. பல ஆய்வுகளில் எது கிடைத்தது என்பது இரண்டு பேருக்குமே தெரியாமல் மறைத்தும் வைப்பார்கள். தெரிந்தால் மனம் கணக்கைக் குழப்பும்.

மாமியின் அடுத்த பயம் இங்கேதான் வந்தது. “அப்ப இவருக்கு வெறும் சீனிக் குளிசையைக் குடுத்துவிட்டா?”

கேட்க வேண்டிய கேள்வி. வெறும் குளிசை தருவதென்றால் சிகிச்சையே தராமல் விடுவதென்று நாம் நினைக்கிறோம். ஏற்கெனவே பயன் தெரிந்த சிகிச்சை ஒன்று இருக்கும்போது அதை மறுத்துவிட்டு வெறும் தண்ணீரை ஏற்றுவதை, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு பொதுவாக ஏற்காது. டொபாஸ்-1 என்ற ஆய்வைப் பாருங்கள். இந்தியா, தாய்லாந்து உட்பட 17 நாடுகளில் 685 நோயாளிகள். எல்லோருக்குமே வழமையான இரண்டு மருந்துகளும், ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும், ஏற்றப்பட்டன. அதற்கு மேல் ஒரு பாதிக்கு டுர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் மருந்து, மறு பாதிக்கு அதுபோலத் தோன்றும் வெறும் திரவம். வெறும் திரவம் பெற்றவர்களும் அந்நாளில் உலகம் முழுதும் கொடுத்த அதே சிகிச்சையைப் பெற்றார்கள்.

நிலையான சிகிச்சை எல்லாம் தீர்ந்த பிறகு நடக்கும் ஆய்வுகளில் உண்மையிலேயே ஒரு பக்கம் வெறும் குளிசையாக இருக்கலாம். ஐவோசிடெனிப் என்ற மாத்திரையை அப்படித்தான் ஆராய்ந்தார்கள். மூன்று பேரில் இரண்டு பேருக்கு மருந்து, ஒருவருக்கு வெறும் குளிசை. ஆனால் நோய் பெருகியது ஸ்கானில் தெரிந்ததும் வெறும் குளிசைக்காரர் மருந்துப் பக்கம் மாறலாம் என்று விதி வைத்திருந்தார்கள். 61 பேரில் 43 பேர் அப்படி மாறினார்கள். ஆகவே படிவத்தில் பார்க்க வேண்டிய முதல் இடம் இது: மறுபக்கத்தில் இருப்பவருக்கு என்ன கிடைக்கும்? பிறகு மாற இடமுண்டா?

இப்போது டொக்டர் தரும் வழமையான மருந்துகளும் இப்படி வந்தவைதான். 2010 இல் பிரித்தானியாவில் 410 பேரோடு முடிந்த ஏபிசி-02 ஆய்வு, ஜெம்சிடபினைத் தனியாகக் கொடுப்பதைவிட சிஸ்பிளாட்டினோடு சேர்த்துக் கொடுத்தால் நடுவாண்மை ஆயுள் 8.1 மாதத்திலிருந்து 11.7 மாதமாகக் கூடுகிறது என்று காட்டியது. அதன்பின் பன்னிரண்டு வருடம் அதுதான் உலகம் முழுதும். 2022 இல் டுர்வாலுமாப் சேர்ந்தது. 2023 இல் 1069 பேரோடு நடந்த இன்னொரு ஆய்வு, அதே வகை நோயெதிர்ப்பு மருந்தான பெம்பிரோலிசுமாபும் ஏறக்குறைய அதே அளவுக்கு உதவுகிறது என்றது.

இந்த ‘நடுவாண்மை’ என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் அழுவது இந்தச் சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டுதான். நூறு பேரை ஆயுள் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிறவரின் கணக்கு அது. 11.7 மாதம் என்பது ஒருவருக்கும் எழுதப்பட்ட தவணை கிடையாது. பாதிப்பேர் அதற்கு முன்னால், பாதிப்பேர் அதைத் தாண்டி. டொபாஸ்-1 இல் நடுக்கணக்கு 11.5 இலிருந்து 12.8 மாதமாகத்தான் கூடியது. “ஒண்டரை மாசமும் இல்லை, இதுக்கே இவ்வளவு ஆரவாரம்?” என்று மாமியின் மகனே போனில் கேட்டார். ஆனால் வரிசையின் கடைசியைப் பாருங்கள். இரண்டு வருடம் தாண்டி உயிரோடிருந்தவர்கள் பழைய சிகிச்சையில் நூற்றுக்குப் பத்துப் பேர், புதியதில் 25 பேர். பலருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, சிலருக்கு நிறைய. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் நல்ல வழி இல்லை. எண்ணை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் நம்பவும் கூடாது, ஏமாறவும் கூடாது.

ஆய்வுகள் படிப்படியாக நடக்கும். முதற்கட்டத்தில் மிகச் சிலரே. எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்பதுதான் கேள்வி. மூன்று பேருக்கு ஒரு அளவு கொடுத்துப் பார்த்து, தாங்கினால் அடுத்தவர்களுக்குக் கூட்டுவது ஒரு முறை. இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டம் நூற்றுக்கணக்கானோரை வைத்துப் பழைய சிகிச்சையோடு மோதவிடுவது. முதற்கட்ட ஆய்வில் சேர்கிறவர் தனக்குக் குணமாகும் என்ற நம்பிக்கையில் சேர்ந்தால் பாவம். அந்த ஆய்வு கேட்பதே வேறு கேள்வி.

இரண்டாம் கட்டத்தில் பளபளத்தது மூன்றாம் கட்டத்தில் மங்குவதும் உண்டு. வழமையான இரண்டு மருந்தோடு நாப்-பாக்லிடாக்செல் என்ற மூன்றாவதைச் சேர்த்து 60 பேருக்குக் கொடுத்தபோது நடுவாண்மை ஆயுள் 19 மாதத்தைத் தாண்டியது. எல்லோரும் துள்ளினார்கள். சில இடங்களில் டொக்டர்மார் காத்திராமல் கொடுக்கவும் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 441 பேரைச் சேர்த்துத் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்த்த மூன்றாம் கட்ட முடிவு 2023 இல் வந்தது. ஆயுளில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, பக்கவிளைவு மட்டும் கூட. முதல் ஆய்வில் கிணற்றடிப் பாத்திதான் அதிகம் இருந்ததோ என்னவோ.

‘புது மருந்து’ என்றாலே ‘நல்ல மருந்து’ என்று நினைக்கிற நம் ஆட்கள் எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொல்கிறேன். புதியது பழையதைவிட நல்லதா என்பது தெரியாது, தெரியாதபடியால்தான் ஆய்வு. தெரிந்திருந்தால் திருவுளச்சீட்டுப் போடுவதே பாவமாகிவிடும்.

கடந்த சில வருடங்களில் இந்த நோயில் வந்த மிகச் சுவையான மாற்றம் இன்னொன்று. புற்றின் மரபணுவைப் படித்து, அதிலுள்ள குறிப்பிட்ட பழுதுக்கு மட்டும் மருந்து கொடுப்பது. ஈரலுக்குள் வரும் பித்தக்குழாய்ப் புற்றில் ஏறக்குறைய பத்திலொருவருக்கு எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற மரபணு வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பெமிகாடினிப் என்ற மாத்திரையை அப்படி ஒட்டுள்ள 107 பேருக்குக் கொடுத்தபோது 38 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. அதே ஆய்வில் அந்த ஒட்டு இல்லாத 38 பேரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் சுருங்கவில்லை. ஒருவருக்கும். பூட்டுக்கேற்ற திறப்பு என்றால் இதுதான். ஐவோசிடெனிப் ஐடிஎச்1 என்ற பழுதுக்கு. ஹெர்2 என்பதற்கு வேறு மருந்துகள் உண்டு, அது பித்தப்பைப் புற்றில் கூடுதலாகக் காணப்படும்.

இதற்கு விலையும் உண்டு. பெமிகாடினிப் போன்றவை இரத்தத்தில் பொஸ்பேற்றை ஏற்றும், விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனை அடிக்கடி. நகம் கழன்று விழுவதும் உண்டு. வெங்காயம் பிடுங்குகிற விரலுக்கு அது சின்ன விஷயம் இல்லை என்று மாமா சொன்னார், சரிதான். நோயெதிர்ப்பு மருந்துகள் வேறு விதம். தட்டி எழுப்பிய காவல்காரன் சொந்த வீட்டையே தாக்குவது போல, குடலையும் நுரையீரலையும் தைரொயிட்டையும் தாக்கலாம். வயிற்றோட்டம் தொடங்கினால் கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்ப்போம் என்று இரண்டு நாள் இருக்கக் கூடாது, அன்றைக்கே ஆய்வுக்குழுவின் நம்பருக்குச் சொல்ல வேண்டும்.

மரபணுப் பழுது தெரிந்தால்தான் இந்தத் திறப்புகள். ஆகவே பயொப்சிக்காகக் கட்டியில் துண்டு எடுக்கும்போதே கேட்க வேண்டிய ஒன்று: எடுத்த துண்டு மரபணுப் பரிசோதனைக்குப் போதுமா, மெழுகுக்கட்டியாக எங்கே வைத்திருக்கிறார்கள்? பித்தக்குழாயிலிருந்து கிடைப்பது சில வேளை சுரண்டி எடுத்த கொஞ்சக் கலங்கள்தான். அது நோயைப் பெயர் சொல்லப் போதும், மரபணு படிக்கப் போதாது. பிறகு இன்னொருமுறை ஊசியால் துண்டு எடுக்க வேண்டிவரும்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதும் நேரம் பற்றியதுதான். நம்மிடையே ட்ரயல் என்ற பேச்சு எழுவது எல்லாம் முடிந்த பிறகு. கடைசியாகக் கோயிலுக்கு நேர்த்தி வைப்பது போல. ஆனால் ஆய்வின் கதவுகள் ஒவ்வொன்றாக அதற்கு முன்பே பூட்டிவிடும். மகன் அனுப்பிய படிவத்தின் நான்காம் பக்கத்தில், இந்த நிலைக்கு மருந்து எதுவும் ஏற்றாதவர்கள் மட்டும் என்று இருந்தது. மாமாவுக்கு ஏற்கெனவே இரண்டு தவணை ஏற்றியாகிவிட்டது. முதல் தவணைக்கு முந்திய கிழமை இந்தக் காகிதம் வந்திருந்தால் குறைந்தது விண்ணப்பித்தாவது பார்த்திருக்கலாம்.

மற்றக் கதவுகள்? பிலிருபின். இரத்தத்தில் பித்த நிறப்பொருளின் அளவு. சாதாரணமாக லீற்றருக்கு 20 மைக்ரோமோலைத் தாண்டாது. பெரும்பாலான ஆய்வுகள் உச்ச வரம்பின் ஒன்றரை அல்லது இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் எடுக்காது. அடைபட்ட குழாயில் வாய் வழியாகக் கமரா விட்டு ஸ்ரென்ற் என்ற சின்னக் குழாயை வைத்தால் அளவு மெல்ல மெல்ல இறங்கும், அதற்குக் கிழமைக் கணக்கில் செல்லும். ஸ்ரென்ற் வைத்தவருக்குக் குளிரோடு காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். குழாயில் கிருமி ஏறியிருக்கலாம், அது ஆளையே கொண்டுபோகும்.

அப்புறம் உடல்நிலைப் புள்ளி. ஈகோக் என்று படிவத்தில் வரும். 0 என்றால் நோய்க்கு முன் போலவே. 1 என்றால் பாரவேலை முடியாது, ஆனால் நடமாடி இலகுவான வேலை செய்யலாம். 2 என்றால் தன் பாட்டைத் தான் பார்க்கலாம், வேலை முடியாது. 4 என்றால் படுக்கை. ஆய்வுகள் வழமையாக 0, 1 உள்ளவர்களையே சேர்க்கும். மாமா காலையில் தோட்டத்துக்குப் போய் ஒரு வாய்க்கால் மாற்றிக் கட்டிவிட்டு வந்து இருக்கிறார், அது 1. ஆனால் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்போது மருமகன் அவரைச் சக்கர நாற்காலியில் ஏற்றிவிடுகிறார். நாலு மணித்தியாலம் வரிசையில் நிற்க வேண்டும் என்ற கரிசனை, பிழை சொல்ல முடியாது. டொக்டர் காண்பதோ சக்கர நாற்காலியில் வரும் ஒரு கிழவரை. நடக்கக்கூடியவர் நடந்தே உள்ளே போகட்டும். வீட்டில் என்ன செய்கிறார் என்பதை வாய் திறந்து சொல்லுங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். வருத்தத்தை வருத்தக்காரருக்குச் சொல்லாமல் மறைப்பது.

“அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர்” என்று வாசலில் மறித்துச் சொல்லாத குடும்பம் குறைவு. ‘ஈரலிலை புண்’ என்று சொல்லி வைப்போம். ட்ரயலில் இது நடக்காது. கையெழுத்து வைப்பவர் நோயாளி. அவருக்கு நோயின் பெயர் தெரிய வேண்டும், மருந்து உதவாமலும் போகலாம் என்று தெரிய வேண்டும், விலகலாம் என்று தெரிய வேண்டும். நாசி டொக்டர்மார் கைதிகளில் செய்த கொடுமைகளை விசாரித்த நியூரம்பேர்க் நீதிமன்றம் 1947 இல் எழுதிவைத்த முதல் விதியே சம்பந்தப்பட்டவரின் சுயவிருப்பமான ஒப்புதல்தான். 1964 இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவச் சங்கம் அதை விரித்தது. இன்றைய ஒப்புதல் படிவம் அந்த வழியில் வந்தது. மகன் ரொறன்ரோவிலிருந்து மாமாவுக்காக ஓம் சொல்ல முடியாது. மாமி சொல்ல முடியாது. 

இரண்டாம் நாள் மாலை நான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தபோது மாமா கையைக் காட்டி நிறுத்தினார். “தெல்லிப்பழைக்கு பஸ் ஏறேக்கயே எனக்குத் தெரியும். நீங்கள்தான் ஒளிச்சுக்கொண்டு திரியிறியள்.” தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 2011 இல் நடந்து காசு சேர்த்துக் கட்டிய புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கே இருப்பதை அறியாதவர் குடாநாட்டில் யார்? அந்த நடைபவனி பருத்தித்துறைக்கு வந்த அன்று மாமாவும் போய் நின்று பார்த்தவராம். 

இருபத்திரண்டு பக்கத்தையும் அவரே கேட்கக் கேட்க வாசித்தேன். எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் விலகலாம். விலகினால் வழமையான சிகிச்சைக்கு ஒரு குறைவும் வராது என்ற வரியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். ஆய்வு மருந்தால் கேடு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது என்ற பகுதி பதின்மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. எத்தனை முறை வர வேண்டும், எத்தனை முறை இரத்தம் எடுப்பார்கள், ஸ்கான் எப்போது, நோவுக்கு மருந்து எடுக்கலாமா என்பதெல்லாம் அட்டவணையாக. நோவு மருந்தை விட்டுவிட்டுத்தான் ஆய்வில் சேர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நோவாற்றும் பராமரிப்பு அதன்பாட்டில் நடக்கும். ஆனால் வேறு எது எடுத்தாலும் சொல்ல வேண்டும். கீழ்க்காய்நெல்லி, சித்த வைத்தியரின் லேகியம், வெளிநாட்டிலிருந்து வந்த சத்துக் குளிசை எல்லாம். ஏற்கெனவே பாதித்த ஈரலில் எது எதோடு மோதும் என்று அவர்கள் கணக்குப் பார்க்க வேண்டுமே.

இலங்கையில் இருந்துகொண்டு எங்கே தேடுவது? 2006 இலிருந்து இலங்கை மருத்துவச் சங்கத்தின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு இருக்கிறது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். இங்கே ஒரு மருந்தை ஆராய்வதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் அப்படியொரு குழு உண்டு. 2015 இன் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் சம்மதமும் வேண்டும். இந்தியாவின் பதிவேடு தனி. 2009 நடுப்பகுதியிலிருந்து அங்கே பதியாமல் ட்ரயல் நடத்த முடியாது. அமெரிக்கப் பதிவேட்டில் ஒவ்வொரு ஆய்வுக்கும் என்சிடி என்று தொடங்கும் எட்டு இலக்க எண் இருக்கும். யாராவது ‘ட்ரயல்’ என்று ஒரு துண்டை நீட்டினால் நான் முதலில் கேட்பது இந்தப் பதிவு எண்ணைத்தான். எண் இல்லாவிட்டால் கதையை அங்கேயே நிறுத்தலாம். ஆய்வு மருந்துக்கு இத்தனை லட்சம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். முறையான ட்ரயலில் ஆராயப்படும் மருந்தை நோயாளிக்கு விற்பதில்லை.

மற்றச் செலவுகள் வேறு கணக்கு. கொழும்புக்குப் பக்கத்தில் தேசியப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் மகரகமைக்கு இங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மூன்று கிழமைக்கொருதரம் இரவு பஸ்ஸில் போய் வருவது மருந்து ஏற்றிய உடம்புக்கு லேசான காரியமில்லை. பலாலியிலிருந்து விமானத்தில் சென்னை கிட்டத்தான், ஆனால் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்க வேண்டும், கூட ஒருவரும் வேண்டும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் ‘இங்கே கூப்பிடுகிறேன்’ என்பார்கள். விசிற்றர் விசாவில் போய்ச் சேர்வது நினைப்பது போல் இலகுவல்ல. ஆய்வு மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், காய்ச்சல் வந்து வார்ட்டில் படுத்தால் அந்தக் கட்டணம் அந்நாட்டுக் காப்புறுதி இல்லாதவர் தலையில். மகனுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு மணித்தியாலம் போனது. அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் லைனில் சத்தமில்லை, அவ்வளவுதான்.

அந்த ட்ரயல் மாமாவுக்குப் பொருந்தாது என்று முடிந்துவிட்டது. மருந்து ஒருமுறை ஏற்றி அது பலனில்லாமல் போனவர்களுக்கான ஆய்வுகளும் உண்டு. மரபணுப் பழுது எதுவென்று தெரிந்தால்தான் பலவற்றின் வாசலையே மிதிக்கலாம். அடுத்த கிளினிக் நாள் செவ்வாய்க்கிழமை. மாமா வெங்காயக் கணக்கு எழுதும் கொப்பியின் கடைசித் தாளில், தன் கையெழுத்திலேயே, டொக்டரிடம் கேட்க எழுதி வைத்திருக்கிறார். என்ர பயொப்சித் துண்டு எங்கே இருக்குது, அது காணுமோ? இந்தியாவுக்கு அனுப்பிப் பாக்க எவ்வளவு? என்ர நிலையில் சேரக்கூடிய ஆய்வு ஏதும் இருக்கோ, இருந்தா இந்த மருந்தை மாத்திறதுக்கு முன்னமே சொல்லுவியளோ?

எழுதி முடித்துப் பேனையை மூடியவர் திரும்பத் திறந்தார்.

“எல்லாம் முடிஞ்சாப் பிறகாவது, நான் எந்தப் பாத்தியிலை நிண்டனான் எண்டு சொல்லுவாங்களோ பிள்ளை?”

படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். முடிவுகளைச் சுருக்கமாகத் தருவோம் என்று பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது. தனி ஆளுக்கு எது கிடைத்தது என்று சொல்வார்களா என்பதற்கு அந்தப் படிவத்தில் வரி இல்லை. அதைப்பற்றி இதில் எழுதவில்லை என்றேன்.

“அப்ப அதையும் கேப்பம்,” என்று நாலாவதாக எழுதினார்.